நண்பர்கள் நடத்தி வைத்த நிக்காஹ்
நாயகத் தோழர் ரபீஆ இப்னு கஅபு (ரலி) அவர்களின் வாழ்வு

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! அவனுடைய திருத்தூதர் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹ் மஜ்லிஸுக்காக ராதாபுரம் போயிருந்தோம். வள்ளியூரில் பஸ் மாறி, பனைகளுக்கும் காற்றாலைகளுக்கும் நடுவே செல்லும் சாலையில் ஊர் போய்ச் சேரும்போது மஃரிபு ஆகிவிட்டது. மறுநாள் காலையில் நிக்காஹ். இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் காற்றாட உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எல்லோரும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். ஒரே மதரஸாவில் ஓதியவர்கள். அவர்களில் முதன்முதலாக மாப்பிள்ளையாகிறவர் இவர்தாம்.

பேச்சு மறுநாள் ஏற்பாடுகளுக்குத் திரும்பியது. ஆளுக்கு இவ்வளவு என்று பணம் பிரித்திருந்தார்கள். தெருமுனையில் பெரிய பேனர் வைக்க வேண்டும், வெடி வெடிக்க வேண்டும், மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்து வர வேண்டும் என்று ஆசையோடு அடுக்கினார்கள். அதே பேச்சின் நடுவில், வலீமாச் சாப்பாட்டுக்குப் பணம் போதாமல் மாப்பிள்ளையின் வாப்பா வட்டிக்கு வாங்க யோசிக்கிறார் என்பதையும் ஒருவர் சொன்னார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை!

எல்லோரும் எழுந்து போன பிறகு ஒரு பிள்ளை மட்டும் தயங்கி நின்றார். மாப்பிள்ளைக்கு மிகவும் நெருங்கிய சேக்காளி. எல்லோரும் சந்தோஷமாக இருக்கத் தனக்கு மட்டும் நெஞ்சு கனக்கிறது என்றார். நாளை முதல் அவன் வேறு ஒருவனாகி விடுவான், இனி முன்போல இருக்க மாட்டான், இப்படி நினைப்பது பொறாமையா, பாவமா என்று கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்விதான். நட்பை இழந்துவிடுவோமோ என்று கலங்குவது பாவமல்ல. அது மனித இயல்பு. ஆனால் அந்தக் கலக்கத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அன்றிரவு அந்தப் பிள்ளைக்கு நாம் சொன்னது நாயகத் தோழர் ரபீஆ இப்னு கஅபு அல் அஸ்லமீ (ரலி) அவர்களின் சரித்திரம். அதையே இங்கு நம் வாசகர்களுக்கும் தருகிறோம்.

ரபீஆ (ரலி) அவர்கள் அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்தவர்கள். அபூ ஃபிராஸ் என்பது அவர்களின் குறிப்புப் பெயர். வீடோ வாசலோ இல்லாமல் மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் தங்கியிருந்த அஸ்ஹாபுஸ் ஸுஃப்பா என்னும் திண்ணைத் தோழர்களில் அவர்களும் ஒருவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்வதே அவர்களின் வேலை. அதுவே அவர்களின் இன்பம். பகலெல்லாம் பணிவிடை செய்வார்கள். இஷாவுக்குப் பின் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிற்குள் சென்றதும், ஏதாவது தேவைப்படலாம் என்று வாசலிலேயே உட்கார்ந்துகொள்வார்கள். உள்ளிருந்து வரும் தஸ்பீஹின் ஓசையைக் கேட்டுக் கேட்டு, கண்கள் தாமாக மூடும்வரை அங்கேயே இருப்பார்கள். இரவில் ஒளுச் செய்யத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பதும் அவர்கள்தாம்.

இப்படியிருக்க, ஒரு நாள் நாயகம் (ஸல்) அவர்கள், ரபீஆவே, நீர் திருமணம் செய்துகொள்ளக் கூடாதா என்று கேட்டார்கள். ரபீஆ (ரலி) அவர்கள் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். இரண்டு காரணங்களையும் சொன்னார்கள். ஒன்று, ஒரு பெண்ணை வைத்துக் காப்பாற்றத் தம்மிடம் எதுவும் இல்லை. மற்றொன்று, நாயகத்தின் பணிவிடையிலிருந்து தம்மை எதுவும் திருப்பிவிடுவதை அவர்கள் விரும்பவில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் வற்புறுத்தவில்லை, விட்டுவிட்டார்கள். சில காலம் கழித்து மீண்டும் அதே கேள்வி. மீண்டும் அதே பதில். பிறகுதான் ரபீஆ (ரலி) அவர்கள் தனியே இருந்து தம் உள்ளத்தோடு பேசினார்கள். இம்மையிலும் மறுமையிலும் எனக்கு எது நன்மை என்பதை என்னைவிட நன்கறிந்தவர்கள் நாயகமல்லவா. இன்னொரு முறை கேட்டால் சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மூன்றாம் முறையும் கேட்டார்கள். ரபீஆ (ரலி) அவர்களும் சம்மதித்தார்கள்.

வாசகர்கள் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். இரவும் பகலும் தம் வாசலிலேயே கிடக்கும் ஓர் ஊழியரை, அவர் தாமாகவே வேண்டாம் என்று சொல்லும்போது, அப்படியே இரு என்று வைத்துக்கொள்வது எளிதல்லவா? ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் தமது வசதியை நினைக்கவில்லை. தம்மீது அன்பு வைத்தவருக்கும் ஒரு வீடு, ஒரு குடும்பம், ஒரு பொறுப்பு அமைய வேண்டும் என்று நினைத்தார்கள். தன்னிடமே இருத்தி வைத்துக்கொள்வது நட்பல்ல. நண்பனை அவனுடைய வாழ்வுக்கு அனுப்பி வைப்பதுதான் நட்பு. பெற்றோர்களுக்கும் இதில் படிப்பினை உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் மூன்று முறை கேட்டார்கள்; ஒருமுறைகூடக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த இளைஞர் தாமாகவே யோசித்து முடிவு செய்ய இடம் கொடுத்தார்கள்.

சம்மதம் கிடைத்ததும், அன்ஸாரிகளில் ஒரு குடும்பத்தைக் குறிப்பிட்டு, அவர்களிடம் போய், அல்லாஹ்வின் தூதர் என்னை அனுப்பினார்கள், இன்ன பெண்ணை எனக்கு மணமுடித்துத் தரச் சொன்னார்கள் என்று கூறும்படி அனுப்பி வைத்தார்கள். அந்த வீட்டார் நாயகத்தின் பெயரைக் கேட்டதும் மகிழ்ந்து வரவேற்றார்கள். இவர் சொல்வது உண்மைதானா என்று ஓர் அத்தாட்சியும் கேட்கவில்லை. அன்போடு நடந்துகொண்டு, பெண்ணைக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் ரபீஆ (ரலி) அவர்கள் வாடிய முகத்தோடுதான் திரும்பி வந்தார்கள். காரணம் கேட்டபோது, அந்த மக்களைப் போன்ற கண்ணியமானவர்களை நான் கண்டதில்லை, ஆனால் மஹர் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லையே என்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் உடனே ரபீஆ (ரலி) அவர்களின் கோத்திரத்தாரான புரைதா அல் அஸ்லமீ (ரலி) அவர்களை அழைத்து, ஒரு பேரீச்சங்கொட்டை எடையளவு பொன் சேகரிக்கச் சொன்னார்கள். அஸ்லம் கிளையார் தங்களுக்குள் சேர்த்துக் கொடுத்தார்கள். ரபீஆ (ரலி) அவர்கள் அதைக் கொண்டுபோய்ப் பெண் வீட்டில் மஹராகக் கொடுத்தார்கள். அவர்கள் அதை மனநிறைவோடு வாங்கிக்கொண்டு, இது அதிகம், இது நல்லது என்று பாராட்டினார்கள்.

மாப்பிள்ளை மறுபடியும் கவலையோடு திரும்பி வந்தார். வலீமா கொடுக்க வழியில்லை! மீண்டும் புரைதா (ரலி) அவர்களிடம் சொல்லப்பட்டது. கொழுத்த கடா ஒன்று வந்து சேர்ந்தது. பிறகு நாயகம் (ஸல்) அவர்கள் தமது வீட்டிற்கே ரபீஆவை அனுப்பி, தானியக் கூடையைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாற்கோதுமை இருந்த கூடையை எடுத்துக் கொடுத்தார்கள். அதைத் தவிர அன்று அந்த வீட்டில் வேறு உணவில்லை! தம் குடும்பத்தின் உணவையே ஓர் ஏழைத் தோழரின் கல்யாணச் சாப்பாட்டுக்குக் கொடுத்துவிட்ட வீடு அது.

கடாவும் கூடையும் பெண் வீட்டிற்குப் போயின. ரொட்டி சுடுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இறைச்சியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெண் வீட்டார் சொன்னார்கள். மாப்பிள்ளையும் அஸ்லம் கோத்திரத் தோழர்களும் சேர்ந்து கடாவை அறுத்து, தோலுரித்து, சமைத்தார்கள். இப்படியாக ரொட்டியும் இறைச்சியும் ஆயத்தமாயின. வலீமா நடந்தது. நாயகம் (ஸல்) அவர்களையும் ரபீஆ (ரலி) அவர்கள் விருந்துக்கு அழைத்தார்கள். இமாம் அஹ்மது அவர்களின் முஸ்னதில் இந்த வரலாறு ரபீஆ (ரலி) அவர்களின் வாய்மொழியாகவே விரிவாகப் பதிவாகியிருக்கிறது.

இந்தக் கல்யாணத்தில் நண்பர்களின் பங்கு என்ன? மஹர் அவர்கள் சேர்த்தது. கடா அவர்கள் கொடுத்தது. அடுப்படியில் நின்றவர்களும் அவர்களே. மாப்பிள்ளைக்குக் கடனில்லை, பெண் வீட்டாருக்குச் சுமையில்லை. மஹர் என்பது ஆண் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய கடமை. அது அவளுடைய உரிமை. இன்று நம்மிடையே பல ஊர்களில் இது தலைகீழாகிப் பெண் வீட்டாரிடம் கைக்கூலி பேசப்படுகிறது. அதைப் பேசி முடிக்கும் சபையில் மாப்பிள்ளையின் நண்பர்களும் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். வலீமாவோ ஸுன்னத்து, அவரவர் சக்திக்கேற்ப ஓர் ஆட்டைக் கொண்டேனும் கொடுத்தால் போதும். அந்த ஸுன்னத்தை நிறைவேற்ற ஹராமான வட்டியில் போய் விழுவது எத்தகைய அறியாமை!

ரபீஆ (ரலி) அவர்களின் சரித்திரம் கல்யாணத்தோடு முடியவில்லை. நண்பர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது.

பின்னர் நாயகம் (ஸல்) அவர்கள் ரபீஆ (ரலி) அவர்களுக்கு ஒரு நிலம் கொடுத்தார்கள். அதை அடுத்து அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களுக்கும் ஒரு நிலம் கிடைத்தது. திண்ணையில் கிடந்தவருக்கு இப்போது வீடும் நிலமும் வந்துவிட்டன. துன்யா வந்தால் அதனுடன் தகராறும் வருமல்லவா? எல்லையோரம் நின்ற ஒரு பேரீச்ச மரத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. என் எல்லையில் இருக்கிறது என்றார்கள் இவர்கள்; என் எல்லையில்தான் என்றார்கள் அவர்கள். வார்த்தை தடித்தது. அபூபக்ர் (ரலி) அவர்களின் வாயிலிருந்து ரபீஆவின் மனம் நோகும்படியான ஒரு சொல் வந்துவிட்டது.

சொன்ன மறுகணமே ஸித்தீக் (ரலி) அவர்கள் வருந்தினார்கள். அதே சொல்லை நீயும் என்னைப் பார்த்துச் சொல்லிவிடு, அத்துடன் கணக்கு நேராகிவிடட்டும் என்று கெஞ்சினார்கள். ரபீஆ (ரலி) அவர்கள் மறுத்துவிட்டார்கள். சொல்லாவிட்டால் நாயகத்திடம் முறையிடுவேன் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அதற்கும் இவர்கள் இசையவில்லை. ஸித்தீக் (ரலி) அவர்கள் நாயகத்தை நோக்கி நடந்தார்கள். ரபீஆ (ரலி) அவர்களும் பின்னால் போனார்கள்.

அப்போது அஸ்லம் கோத்திரத்தார் ஓடி வந்தார்கள். ஏசியவர் அவர், முறையிடப் போவதும் அவரா என்று ரபீஆவுக்காகக் கோபப்பட்டார்கள். கல்யாணத்துக்குப் பொன்னும் கடாவும் கொடுத்த அதே கிளையார்! அவர்களின் பேச்சைக் கேட்டுக் கொதித்தெழ ஓர் இளைஞருக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனால் ரபீஆ (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? இவர் யாரென்று தெரியுமா, இவர்தாம் அபூபக்ர் ஸித்தீக், குகையில் நாயகத்தோடு இருந்தவர், முஸ்லிம்களின் மூத்தவர். நீங்கள் எனக்கு உதவிக்கு வந்ததை அவர் கண்டு வருந்தினால் அல்லாஹ்வின் தூதர் வருந்துவார்கள், அல்லாஹ்வும் கோபிப்பான், நான் அழிந்து போவேன் என்று சொல்லி, அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தனியாகவே போனார்கள்.

நடந்ததை நடந்தபடியே ஸித்தீக் (ரலி) அவர்கள் நாயகத்திடம் சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ரபீஆவிடம் விசாரித்துவிட்டு, நீர் திருப்பிச் சொல்லாதது சரிதான்; அதற்குப் பதிலாக, அல்லாஹ் உம்மை மன்னிப்பானாக என்று அபூபக்ருக்குச் சொல்வீராக என்றார்கள். ரபீஆ (ரலி) அவர்கள் அப்படியே சொன்னார்கள். அதைக் கேட்ட அபூபக்ர் (ரலி) அவர்கள் அழுதுகொண்டே திரும்பிச் சென்றார்கள்.

மீசை முளைப்பதும் மாப்பிள்ளையாவதும் மட்டும் ஆளாவதல்ல. சொல்லித் தீர்க்க உரிமை இருந்தும் நாவை அடக்கியதும், தமக்காகப் பரிந்து வந்த கூட்டத்தைத் தாமே திருப்பி அனுப்பியதும்தான் ரபீஆ (ரலி) அவர்கள் ஆளானதற்கு அடையாளம். ஆதரவாக வருகிற நண்பர்களிடமும் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரே குடும்பம் நடத்தத் தகுதி பெற்றவர். நாளை கணவன் மனைவிக்குள் ஒரு வார்த்தை வந்தாலும், மாமனார் வீட்டில் ஒரு மனத்தாங்கல் வந்தாலும், மாப்பிள்ளைக்கு உதவுவது இந்தக் குணம்தான். நண்பர்கள் தூபம் போட்டுக் கெட்டுப்போன குடும்பங்களை நாம் எத்தனையோ பார்த்துவிட்டோம்.

திருமணம் ரபீஆ (ரலி) அவர்களை நாயகத்திடமிருந்து பிரித்துவிட்டதா? இமாம் முஸ்லிம் அவர்களின் ஸஹீஹில் வேறொரு செய்தி வருகிறது. இரவில் ஒளுவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த ரபீஆவிடம், வேண்டியதைக் கேள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது, இந்த ஏழைத் தோழர் பொன்னையோ பொருளையோ கேட்கவில்லை. சுவர்க்கத்தில் தங்களோடு இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். வேறு ஏதேனும் உண்டா என்று கேட்டபோதும், அது ஒன்றே போதும் என்றார்கள். அப்படியானால் சுஜூதுகளை அதிகமாக்கி எனக்கு உதவுவீராக என்று நாயகம் (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். வாசல்படியில் காத்துக் கிடப்பதைவிட நீண்டு நிற்கும் நெருக்கம் இது. நாயகம் (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் ரபீஆ (ரலி) அவர்கள் மதீனாவை விட்டு, சுமார் 12 மைல் தொலைவில் அஸ்லம் கிளையாரின் இடத்தில் போய்த் தங்கிவிட்டார்கள். ஹிஜ்ரி 63ஆம் ஆண்டில் வஃபாத்தானார்கள்.

இதைக் கேட்டு முடித்த அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு ஸலாம் சொல்லிவிட்டு வேகமாக எழுந்து போனார். மறுநாள் பேனர் வைக்கத்தான் செய்தார்கள். அச்சடிக்க ஏற்கனவே கொடுத்தாயிற்றாம்! ஆனால் வெடியும் ஊர்வலமும் இல்லை. அந்தப் பணம் ஆடு வாங்கப் போயிற்று. வலீமா அன்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்வை வழிய, சோற்றுச் சட்டியருகே நின்றவர் அந்தச் சேக்காளிதான். மாப்பிள்ளை வீட்டார் வட்டிக் கடன் வாங்கவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

நம் வீட்டுப் பிள்ளைகளின் நட்பையும் வல்ல ரஹ்மான் இத்தகைய நட்பாக ஆக்கி, அவர்களின் நிக்காஹ்களை இலகுவாக்கி, பரக்கத்துச் செய்து, நாயகத் தோழர்களோடு சுவர்க்கத்தில் நம் அனைவரையும் ஒன்றுசேர்ப்பானாக! ஆமீன்.