காற்றின் ஈரத்தை அளந்த ஸொஸ்யூர்

கொல்லிமலையின் அடிவாரத்தையடுத்த எருமப்பட்டியில் ஐப்பசித் திங்களில் குடியானவர் எதிர்நோக்கும் மழை, வங்காளக் கடலினின்று காற்றிலேறி வரும் நீரேயாம். கண்ணுக்குப் புலனாகாத அந்நீராவியை அளப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை கண்ட ஓர் அறிஞரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

ஹொராஸ் பெனடிக்ட் டி ஸொஸ்யூர் 1740-ம் ஆண்டில் ஜினீவா நகரையடுத்த கோன்ஷ் என்னுமிடத்தில் பிறந்தார். 22-ம் வயதிலேயே அந்நகரக் கலாசாலையில் ஆசிரியரானார். ஆல்ப்ஸ் மலைகளில் பேரவாக் கொண்ட அவர், மோன் பிளாங் சிகரத்துக்கு வழி காண்போருக்குப் பரிசளிப்பதாக 1760-ல் அறிவித்தார். 1786-ல் பல்மா, பக்கார் என்னும் இருவர் அதனை எய்தினர். மறு ஆண்டு ஸொஸ்யூரும் கருவிகளுடன் ஏறி, ஆங்குள்ள காற்று ஜினீவாவின் காற்றிலுள்ள ஈரத்தில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கே உடையதெனக் கண்டார்.

அவ்வீரத்தை அளக்க அவர் அமைத்த கருவியின் உயிர்நிலை யாது? மனிதரின் தலைமயிர் ஒன்றே! ஈரக்காற்றில் அது நீளும். வறண்ட காற்றில் சுருங்கும். சோடா உப்பிட்ட நீரில் மயிரைக் காய்ச்சி எண்ணெய்ப்பசை போக்கினார். ஒரு முனையைப் பிணித்து, மறுமுனையைச் சிறு உருளையிற் சுற்றி, முள்ளொன்றைப் பொருத்தினார். நீரால் நனைத்த கண்ணாடி மூடியினுள் முள் நிற்குமிடம் 100. உப்பினால் உலர்த்திய காற்றில் நிற்குமிடம் 0. இவ்விரண்டிற்கும் இடையே மயிர் நீள்வது நூற்றுக்கு இரண்டரைப் பங்கேயாயினும், அச்சிறு மாறுதலை முள் பெரிதாக்கிக் காட்டிற்று. இவ்வாராய்ச்சிகளை 1783-ல் நூலாக வெளியிட்டார். அந்நகரத்தவரேயான டெலூக் என்பார் திமிங்கிலத்தின் வாய்த்தகடே சிறந்ததென வாதிட்டார். பிற்காலத்தார் மயிரையே கைக்கொண்டனர்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஸொஸ்யூர் தம் செல்வத்தை இழந்தார். பக்கவாதமும் அவரை வருத்திற்று. 1799 ஜனவரியில் உயிர்நீத்தார். அவ்வாண்டு ஜூனில் அமெரிக்கா நோக்கிக் கப்பலேறிய ஹம்போல்ட், அவரது கருவியை உடன்கொண்டு கடற்காற்றின் ஈரத்தை அளந்தார்.

தீயும் மின்சாரமும் வேண்டாத இக்கருவியோடு பின்னர்க் கடிகாரப் பொறியும் சுழலும் தாளும் எழுதுகோலும் சேர்ந்தன. அதனால் காவலிருப்பார் இன்றியே அது பல நாள் ஈரத்தை வரைந்து காட்டலாயிற்று. எனினும் கடலின் உப்பு, ஈரத்தை ஈர்த்து மயிரை மயக்குவதாகும். இன்று சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் வங்காளக் கடலில் ஆளில்லா மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தியுள்ளனர். அவற்றில் மயிர் இல்லை. ஈரத்தை உட்கொண்டு தன் மின்னியல்பு மாறும் மெல்லிய படலத்தையுடைய கருவிகளே இக்காலத்து இப்பணியைப் புரிகின்றன. உப்பைத் தடுக்க அவற்றுக்கு நுண்ணிய வடிகட்டி உறையுமுண்டு. மின்கலத்தின் சிறு ஆற்றலே அவற்றுக்குப் போதும். அளவுகளோ செயற்கைக்கோள் வழியே கரைசேர்கின்றன.

பொருள் மாறினும், ஈரத்தைப் பருகித் தானே மாறுவதொன்றைக் கொண்டு ஈரத்தை அளக்கும் முறை ஸொஸ்யூர் கையாண்டதே. எளிய பொருளையும் இகழாது சோதித்த அவர் பொறுமையை நம் மாணவர் கைக்கொள்வாராக.