ஹைன்ரிக் ஹெர்ட்ஸ்

ஹைன்ரிக் ருடால்ஃப் ஹெர்ட்ஸ் (பெப்ரவரி 22, 1857 – சனவரி 1, 1894) ஒரு செருமானிய இயற்பியலாளர் ஆவார். மின்காந்த அலைகள் உண்மையில் உள்ளன என்பதை ஐயத்துக்கு இடமின்றி ஆய்வகத்தில் நிறுவியவர் இவரே. அதிர்வெண்ணின் அலகு இவர் பெயரால் ஹெர்ட்ஸ் என வழங்குகிறது. வீட்டுக்கு வாங்கப்படும் கம்பியில்லாத் திசைவியின் (ரூட்டர்) பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என அச்சிடப்பட்டிருப்பதும் இவர் பெயர்தான். அத்திசைவியின் அலைகள் வீட்டுக்குள் எதை ஊடுருவும், எதில் தடைப்படும் என்னும் கேள்விகளுக்கான அடிப்படை விடைகளை இவர் 1888 ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார்.

இளமையும் கல்வியும்

ஹெர்ட்ஸ் செருமனியின் துறைமுக நகரான ஹாம்பர்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். தந்தை குஸ்தாவ் ஹெர்ட்ஸ் வழக்கறிஞர். பின்னாளில் நகர ஆட்சிமன்ற உறுப்பினராக இருந்தவர். தந்தைவழிக் குடும்பம் யூத சமயத்திலிருந்து லூத்தரன் கிறித்தவத்துக்கு மாறியதாகும். இச்செய்தி இவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இவர் குடும்பத்தைப் பெரிதும் பாதித்தது.

பள்ளிப் பருவத்தில் மொழிகளில் ஆர்வம் கொண்டு அரபு மொழியும் பயின்றார். தச்சுவேலையிலும் கடைசல் வேலையிலும் கைதேர்ந்தவராக இருந்தார். இவர் பேராசிரியரான செய்தியைக் கேட்ட கடைசல் ஆசிரியர், நல்லதொரு கடைசல்காரர் வீணாகிவிட்டாரே என வருந்தியதாகக் கூறுவர். அந்தக் கைத்திறன் வீணாகவில்லை. பிற்காலத்தில் தம் கருவிகள் பலவற்றை இவர் தாமே செய்துகொண்டார்.

முதலில் பொறியியல் படிக்கத் தொடங்கினார். பின்னர் இயற்பியலுக்கு மாறி, மியூனிக்கில் ஓராண்டு பயின்று, 1878 இல் பெர்லின் சென்று ஹெல்ம்ஹோல்ட்சின் மாணவரானார். 1880 இல் முனைவர் பட்டம் பெற்றார். மாக்ஸ்வெல்லின் மின்காந்தக் கொள்கையைச் சோதிக்கும் பரிசு வினா ஒன்றை பெர்லின் அறிவியற் கழகம் 1879 இல் அறிவித்தது. அதை எடுத்துக்கொள்ளுமாறு ஹெல்ம்ஹோல்ட்ஸ் இவரைத் தூண்டினார். தேவையான அளவுக்கு விரைவான மின் அலைவுகளை உண்டாக்க அப்போது வழி தெரியாததால் ஹெர்ட்ஸ் அதனை ஏற்கவில்லை. ஆனால் அவ்வினாவை இவர் மறக்கவும் இல்லை. இக்காலத்தில் இவர் எழுதிய திண்பொருட்களின் தொடுகை பற்றிய கொள்கை, உருளைத் தாங்கிகளின் வடிவமைப்பில் இன்றும் பயன்படுகிறது.

கார்ல்ஸ்ரூஹே: தீப்பொறிச் சோதனைகள்

1883 இல் கீல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்த இவர், 1885 இல் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார். மறு ஆண்டில் எலிசபெத் டோல் என்பவரை மணந்தார். அதே ஆண்டில் சுருள்கள் இரண்டை வைத்துச் சோதனை செய்தபோது, ஒன்றில் மின்னிறக்கம் நிகழ்கையில் தொடர்பற்ற மற்றொன்றிலும் சிறு பொறி தெறிப்பதைக் கவனித்தார். தேடிய விரைவான அலைவு கையில் கிடைத்துவிட்டது என்பதை உணர்ந்தார்.

இவர் அமைத்த கருவி மிக எளியது. இரு கம்பிகளுக்கு இடையே சிறு இடைவெளி. கம்பிகளின் வெளி முனைகளில் துத்தநாகக் கோளங்கள். தூண்டு சுருளால் இடைவெளியில் பொறி உண்டாகும்போது மின்னோட்டம் கம்பிகளில் முன்னும் பின்னுமாக ஊசலாடி அலையை வெளியிடும். வாங்கி என்பது நுண்ணிய இடைவெளி கொண்ட ஒரு கம்பி வளையம் மட்டுமே. அலை வந்து சேர்ந்தால் அந்த இடைவெளியில் மங்கலான பொறி தோன்றும். இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும்.

பொறியை நன்கு காண வாங்கியை இருண்ட பெட்டிக்குள் வைத்தபோது, பொறியின் நீளம் குறைந்தது. முதன்மைப் பொறியிலிருந்து வரும் புறஊதாக் கதிர் தடைப்படுவதே காரணம் எனக் கண்டு, 1887 இல் வெளியிட்டார். இதுவே ஒளிமின் விளைவு. இதற்கு ஐன்ஸ்டைன் 1905 இல் விளக்கம் தந்தார்.

அறை செய்த குறும்பு

அலை காற்றில் பரவுவதைக் காட்ட ஹெர்ட்ஸ் கையாண்ட வழி, அதைத் திருப்பி அனுப்புவது. இவருடைய விரிவுரைக் கூடம் 15 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் உடையது. கூடத்தின் இருபுறமும் வரிசையாக நின்ற இரும்புத் தூண்கள் சுவர் போலவே அலையைத் தடுத்ததால், நடுவே 8.5 மீட்டர் அகலமே பயன்பட்டது. தொங்கிய விளக்குகளையும் வளிமக் குழாய்களையும் கழற்றச் செய்தார். ஒரு முனைச் சுவரில் 4 மீட்டர் உயரமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட துத்தநாகத் தகட்டைப் பொருத்தினார். செல்லும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து நிலை அலையாயின. வளையத்தைக் கையில் ஏந்தி நடந்தபோது சில இடங்களில் பொறி வலுத்தது. சில இடங்களில் மறைந்தது. இவ்விடங்களின் இடைவெளியிலிருந்து அலைநீளம் ஏறத்தாழ 9.6 மீட்டர் எனக் கணித்தார்.

ஆனால் ஒரு முரண்பாடு எஞ்சியது. கம்பி வழியே செல்லும் அலையின் வேகமும் காற்றில் செல்லும் அலையின் வேகமும் வேறுபடுவதாக இவருடைய அளவீடுகள் காட்டின. மாக்ஸ்வெல்லின் கொள்கைப்படி அவை சமமாக இருக்க வேண்டும். கூடத்தின் சுவர்களும் உள்ளிருந்த இரும்புப் பொருட்களும் அலையைத் திருப்பியனுப்பி அளவீட்டைக் கெடுத்திருக்கலாம் என்பதை ஹெர்ட்ஸ் பின்னர் மறைக்காமல் எழுதினார். 1893 இல் ஜெனீவாவில் சராசின், டெ லா ரிவ் ஆகிய இருவரும் மிகப் பெரிய கூடமொன்றில் சோதித்து, வேகங்கள் சமமே எனக் காட்டினர். ஓர் அறைக்குள் அலை எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அந்த அறையைக் கணக்கில் கொள்ளாமல் அறிய முடியாது. கட்டுரையின் பிற்பகுதியில் இச்சிக்கல் மீண்டும் வரும்.

1888 இன் இறுதியில் அலைநீளத்தை 66 சென்டிமீட்டராகக் குறைத்தார். இன்றைய வழக்கில் இது ஏறத்தாழ 450 மெகாஹெர்ட்ஸ். 2 மீட்டர் உயரமுள்ள பரவளைவுத் துத்தநாக ஆடிகளால் அலையைக் கற்றையாக்கினார். கீலால் வார்த்த, 600 கிலோகிராம் அளவு எடையுள்ள பெரும் முப்பட்டகத்தால் அதை விலகச் செய்தார். கம்பிகள் கட்டிய சட்டத்தை ஒரு நிலையில் வைத்தால் அலை கடந்தது. கால் சுற்றுத் திருப்பினால் நின்றது. உலோகத் தகடு மட்டுமன்றிப் பொன்னிறத் தாளும் நிழல் விழச் செய்தது. உதவியாளர் குறுக்கே நடந்தபோது பொறி அணைந்து, அவர் விலகியதும் மீண்டது. மரக்கதவோ அலைக்குத் தடையாகவே இல்லை. மூடிய அறைக்குள் பொறி தோன்றியதைக் கண்டு ஹெர்ட்சே வியந்தார்.

பயன் பற்றிய கேள்வி

தம் கண்டுபிடிப்பால் பயன் ஏதும் இல்லை என ஹெர்ட்ஸ் கருதியதாக அடிக்கடி சொல்லப்படுகிறது. இதைச் சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டும். 1889 இறுதியில் மியூனிக் பொறியாளர் ஒருவர் தொலைபேசி ஒலியை இவ்வலைகளால் அனுப்ப இயலுமா எனக் கேட்டார். தொலைபேசி மின்னோட்டத்தின் அலைவு மிக மெதுவானது. அதன் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அதைக் குவிக்கும் ஆடி ஒரு கண்டத்தின் அளவுக்கு இருக்க வேண்டும் என ஹெர்ட்ஸ் விடையளித்தார். கேட்கப்பட்ட கேள்விக்கு அது சரியான விடையே. விரைவான அலையின் மீது ஒலியை ஏற்றி அனுப்பலாம் என்னும் எண்ணம் பின்னர் வந்தது.

பான் நகரமும் இறுதிக் காலமும்

1889 இல் பான் பல்கலைக்கழகத்தில் கிளாசியசின் இடத்துக்கு வந்தார். 1890 இல் இங்கிலாந்தின் அரச கழகம் ரம்ஃபோர்டு பதக்கம் அளித்தது. 1892 முதல் மூக்கிலும் காதிலும் கடும் நோய் கண்டு, பல அறுவைச் சிகிச்சைகளுக்கு உள்ளானார். இயங்கியல் பற்றிய தம் நூலை முடித்து, 1894 சனவரி முதல் நாளில் தம் 36 ஆம் வயதில் காலமானார். அந்நூலை உதவியாளர் பிலிப் லெனார்ட் பதிப்பித்தார். அவ்வாண்டு கோடையில் இலண்டனில் ஆலிவர் லாட்ஜ் ஆற்றிய நினைவுரை இவ்வாய்வைப் பரவச் செய்தது. கல்கத்தாவில் சகதீச சந்திர போசு மில்லிமீட்டர் அலைகளை ஆராய்ந்ததும் இத்தொடர்ச்சியிலேயே.

வீட்டுக் கம்பியில்லாப் பிணையம்

வைஃபை அலைகளின் நீளம் 2.4 கிகாஹெர்ட்சில் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்சில் 6 சென்டிமீட்டர். வீட்டுக்குள் இவற்றின் வலுவான இடங்களும் வலுவற்ற இடங்களும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் மாறி மாறி அமைகின்றன. திசைவியைச் சற்று நகர்த்தினாலே இணைப்பு மேம்படுவதற்கு இதுவே காரணம். எஃகு அலமாரி, குளிர்பதனப் பெட்டி, நிலைக்கண்ணாடியின் உலோகப் பூச்சு, கம்பி கட்டிய காங்கிரீட் தளம் ஆகியவை அன்றைய துத்தநாகத் தகட்டின் வேலையைச் செய்கின்றன. ஆகவே திசைவியை அலமாரிக்குள் பூட்டி வைக்காமல், வீட்டின் நடுவில் ஆட்கள் குறுக்கிடாத உயரத்தில் வைப்பது நன்று. அன்டெனாக்களுள் ஒன்றை நிமிர்த்தியும் ஒன்றைச் சாய்த்தும் வைக்கச் சொல்வது, கம்பிச் சட்டத்தில் ஹெர்ட்ஸ் கண்ட முனைவாக்கத்தால்தான்.

சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் வெவ்வேறு நேரத்தில் வந்து கலந்து செய்தியைக் குலைப்பதே, விரைவான உள்ளரங்கப் பிணையத்துக்கு முதல் தடையாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் ஆத்திரேலியாவில் ஜான் ஓ'சல்லிவன் குழுவினர், செய்தியைப் பல அலைவரிசைகளில் மெதுவாகப் பிரித்து அனுப்பி இதைத் தீர்க்க வழி கண்டனர். 2009 இல் வந்த 802.11என் தரம், பல அன்டெனாக்களைக் கொண்டு, பிரதிபலிப்பையே கூடுதல் வழியாகப் பயன்படுத்தியது. ஹெர்ட்சின் அளவீட்டைக் கெடுத்த அதே எதிரலை இங்கே வேகத்தைக் கூட்டுகிறது.

பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வீட்டுக்குத் திசைவி தேர்ந்தெடுப்போர், பெட்டியின் மேல் உள்ள பெரிய எண்ணை நம்புதல் வேண்டா. அது எல்லா அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டிய கணக்கு. எந்தவொரு கருவிக்கும் அவ்வளவு கிட்டாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களை எளிதில் கடக்கும்; ஆனால் அண்டை வீட்டாரும் நுண்ணலை அடுப்பும் அதையே பகிர்கின்றனர். 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது. எட்டும் தொலைவு குறைவு. எனவே இரண்டும் உள்ளதே தேவை. கருவிகள் மிகுந்த இடத்தில், ஒரே வேளையில் பல கருவிகளுக்கு அலைவரிசையைப் பங்கிடும் வைஃபை 6 அல்லது அதற்குப் பிந்தைய தரம் வேகத்தை விட நிலையான இணைப்புக்கே அதிகம் உதவும். தடித்த சுவர்களோ பல மாடிகளோ உள்ள வீட்டில் ஒரு விலையுயர்ந்த திசைவியைக் காட்டிலும், கம்பியால் இணைத்த இரண்டு சாதாரண நிலையங்களே சிறந்தவை என்பது பெரும்பாலும் உண்மை.

குடும்பமும் பெயரும்

இவருக்கு யோகன்னா, மத்தில்டே என இரு மகள்கள். மத்தில்டே தேனீக்களின் பார்வையை ஆராய்ந்த உயிரியலாளர். நாட்சி ஆட்சியில் பாட்டனாரின் யூத மரபு காரணமாகப் பெர்லினில் தம் கற்பிக்கும் உரிமையை இழந்தார். 1930களில் தாயும் மகள்களும் இங்கிலாந்தில் குடியேறினர். ஹெர்ட்சின் நூலைப் பதிப்பித்த லெனார்ட், நாட்சிக் கொள்கையின் முன்னணி ஆதரவாளரானார். உடன்பிறந்தார் மகன் குஸ்தாவ் லுட்விக் ஹெர்ட்ஸ் 1925 ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றவர்.

அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் 1930 இல் ஹெர்ட்ஸ் என்னும் அலகை ஏற்றது. 1960 இல் அது அனைத்துலக அலகு முறையில் இடம்பெற்றது. அதற்கு முன் நொடிக்கு இத்தனை சுற்று என்றே குறித்தனர். பழைய வானொலிப் பெட்டிகளின் முகப்பில் கிலோசைக்கிள் என்று பொறித்திருப்பதை இன்றும் காணலாம்.