கடனில் வெட்டிய கால்வாய்

பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு, செப்டம்பர் மாத இறுதியில், பிரான்ஸின் தென்பகுதியில் ஐந்து நாள்கள் சைக்கிள் ஓட்டும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நோருஸ் என்னும் மேட்டிலிருந்து பெசியே நகரம் வரை 150 கிலோ மீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு. அந்த வயதில் அது எனக்குப் பெரிய தொலைவுதான். ஆனால், வழியில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. பெரும்பகுதியில் மோட்டார் வாகனமும் இல்லை. ஒருபுறம் அசைவற்ற பச்சை நீர். மறுபுறம், கார்க்கசோன் நகரைக் கடந்த பின்னர், கண்ணுக்கெட்டிய வரை திராட்சைத் தோட்டங்கள். அறுவடைக் காலமாதலால், பிழிந்த பழத்தின் புளித்த மணம் ஊருக்கு ஊர் எதிர்கொண்டது. சக்கரத்தின் கீழ் சரளைக்கல் நெரியும் ஓசையைத் தவிர வேறு ஓசை அரிது.

பல இடங்களில் பாதை வெறும் மண்தான். பிளேன் மரங்களின் வேர்கள் குறுக்கே புடைத்துக்கொண்டு நிற்கும். சைக்கிளுக்காக அமைத்த பாதை அன்று அது. படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் சென்ற குதிரைகளுக்காக 17ஆம் நூற்றாண்டில் விடப்பட்ட கரை. அக்கரையையும் கால்வாயையும் உண்டாக்கியவர் பியர் பால் ரிக்கே. அவர் பொறியாளர் அல்லர். உப்பு வரி வசூலித்தவர்.

ரிக்கே 17ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பெசியே நகரில், வசதியான குடும்பத்தில் பிறந்தார். அக்காலப் பிரெஞ்சு அரசு உப்பு வரியைத் தானே வசூலிப்பதில்லை, குத்தகைக்கு விடும். குத்தகைதாரர் குறிப்பிட்ட தொகையை அரசருக்குக் கட்டிவிட வேண்டும். அதற்கு மேல் வருவது அவருக்கு ஆதாயம். லாங்க்தோக் மாகாணத்தின் உப்பு வரிக் குத்தகை ரிக்கேயிடம் இருந்தது. பின்னர் ருசியோன் பகுதிக் குத்தகையும் அவரிடம் வந்தது. உப்பின்றி உணவில்லை என்பதால் ஏழையும் தப்ப முடியாத வரி அது. ருசியோன் மலைவாழ் மக்கள் அவ்வரியை எதிர்த்து ஆயுதம் ஏந்தினர். ஆண்டுக்கணக்கில் அக்கலகம் நீடித்தது. தண்டி யாத்திரையைப் படித்து வளர்ந்த நமக்கு அவர்களின் கோபம் விளங்காமல் போகாது. ரிக்கேயின் செல்வம் அந்த உப்பிலிருந்து வந்தது. இதை மறைத்து அவருடைய வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

அட்லாண்டிக் பெருங்கடலையும் மத்தியதரைக் கடலையும் நாட்டின் குறுக்கே இணைக்க வேண்டும் என்னும் எண்ணம் பிரான்ஸில் பழையது. அது நிறைவேறினால், ஸ்பெயினைச் சுற்றி ஜிப்ரால்டர் நீரிணை வழியே செல்லும் நெடும்பயணமும் கடற்கொள்ளையர் அச்சமும் நீங்கும். மன்னர்கள் பலர் விரும்பியும் கைகூடாமைக்குக் காரணம் ஒன்றே. இரு கடல்களுக்கும் இடையே ஒரு மேடு இருக்கிறது. கால்வாய் அம்மேட்டின் மீது ஏறி இறங்க வேண்டும். இருபுறமும் கதவுள்ள அறைகளில் நீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளை அன்றைய பொறியாளர்கள் அறிந்திருந்தனர். ஆனால், ஒவ்வொரு படகு கடக்கும்போதும் மேட்டிலுள்ள நீர் இருபுறமும் கீழே இறங்கிவிடும். மழை குறைந்த அந்நாட்டில் உச்சிக்கு ஓயாமல் நீர் வருவது எப்படி?

உப்புக் கிடங்குகளைப் பார்வையிட ஊர் ஊராகச் சுற்றிய ரிக்கே, இதற்கு விடை கண்டார். வடக்கே உள்ள கருமலையில் ஓடைகள் பல உண்டு. அவற்றை மலைச்சரிவிலேயே மறித்து, வாய்க்கால் வழியாக ஏறத்தாழ 190 மீட்டர் உயரத்திலுள்ள நோருஸ் மேட்டுக்குக் கொண்டுவந்தால் போதும். ரெவெல் ஊரில் நீரூற்றுகளைப் பராமரித்துவந்த பியர் காம்ப்மா என்பவர், எந்த ஓடை எப்போது வற்றும் என்பதை அறிந்தவர். ஃபிரான்சுவா ஆந்த்ரியோசி என்னும் இளம் பொறியாளரும் உடனிருந்தார். 1662 நவம்பரில், பதினான்காம் லூயி மன்னரின் நிதியமைச்சர் கோல்பேருக்குத் தம் திட்டத்தை ரிக்கே எழுதி அனுப்பினார். அப்போதே அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது.

அரசு தயங்கியது. முதலில் சோதனை வாய்க்கால் வெட்டிக் காட்டுமாறு பணித்தது. ரிக்கே தம் பணத்திலேயே அதை வெட்டி, 1665இல் மலைநீரை நோருஸ் மேட்டுக்கு வரவழைத்தார். 1666இல் அரசாணை பிறந்தது. மறு ஆண்டு பணி தொடங்கியது. கோடையிலும் நீர் குறையாதிருக்க சான் ஃபெரியோல் என்னுமிடத்தில் 60 லட்சம் கன மீட்டருக்கு மேல் கொள்ளும் நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. அன்றைய ஐரோப்பாவில் அதற்கு ஈடான அணை அரிது.

உச்சக்கட்டத்தில் ஏறத்தாழ 12 ஆயிரம் பேர் வேலை செய்தனர். அவர்களில் பெண்களும் கணிசமானோர். ரிக்கே அவர்களுக்கு நாள்கூலிக்குப் பதிலாக மாதச் சம்பளம் வழங்கினார். மாதம் 10 லிவர். ஞாயிறு, திருநாள், மழை நாள், நோயுற்ற நாள் ஆகியவற்றுக்கும் கூலி பிடிக்கப்படவில்லை. இதை முழுக்கக் கருணை என்று நான் கருதவில்லை. அறுவடை வந்தால் ஆள்கள் வயலுக்குப் போய்விடுவர். அவர்களை நிறுத்திவைக்க அதிகம் கொடுத்தாக வேண்டும். நல்ல கூலி வீண்செலவன்று என்பதைப் பொருளியல் நூல்கள் எழுதுவதற்கு முன்னரே அவர் நடைமுறையில் கண்டிருந்தார்.

செலவு மதிப்பீட்டைத் தாண்டியது. மன்னர், மாகாண மன்றம், ரிக்கே ஆகிய மூவரும் பகிர்ந்துகொள்வது ஏற்பாடு. மன்னர் போர்களில் மூழ்கியபோது பணம் தாமதமாயிற்று. வேலை நிற்கக் கூடாதென்று ரிக்கே கடன் வாங்கினார். மொத்தச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவர் தலையில் விழுந்தது. மகள்களுக்கு ஒதுக்கிய சீதனமும் அதில் கரைந்தது என்பர். கோல்பேரின் நம்பிக்கையும் தேய்ந்தது. பெசியேவுக்கு அருகே என்செரூன் குன்று குறுக்கிட்டபோது, உதிரும் பாறையைக் கண்டு அதிகாரிகள் பணியை நிறுத்தச் சொன்னார்கள். ரிக்கே அக்குன்றைக் குடைந்தார். மால்பா சுரங்கத்தின் நீளம் 200 மீட்டர்கூட இல்லை. ஆனாலும், படகு செல்வதற்கென அதற்கு முன் எவரும் கால்வாய்க்குச் சுரங்கம் குடைந்ததில்லை. சைக்கிளை மேலே நிறுத்திவிட்டு அதன் வாயருகே நான் இறங்கி நின்றபோது, உள்ளிருந்து ஒரு படகு மெல்ல வெளிவந்தது.

1680 அக்டோபர் 1ஆம் நாள் ரிக்கே துலூஸ் நகரில் காலமானார். எஞ்சியிருந்த வேலை மிகக் குறைவு. 1681 மே மாதம் 240 கிலோ மீட்டர் நீளக் கால்வாய் திறக்கப்பட்டபோது அவருடைய மகன்களே அங்கிருந்தனர். தந்தை விட்டுச்சென்ற கடனைக் குடும்பம் தீர்த்து முடித்த ஆண்டு 1724. அதன் பின்னரே சுங்க வருமானம் அவர்களுக்குத் தெளிவான ஆதாயமாயிற்று.

எதிர்பார்த்த பயனும் வரவில்லை. கடற்கலங்கள் அவ்வழி வரவேயில்லை. கால்வாய் அவற்றுக்குக் குறுகலானது. அதில் சென்றவை கோதுமையும் திராட்சை மதுவும் அஞ்சலும் பயணிகளும்தான். மலிவான போக்குவரத்து கிடைத்ததால் கரையோர ஊர்களில் மதுப் பீப்பாய்கள் குவிந்தன, கொடித்தோட்டங்கள் பெருகின. 1857இல் ரயில் வந்தது. மறு ஆண்டே கால்வாய் அந்த ரயில் நிறுவனத்திடம் குத்தகைக்கு விடப்பட்டது. போட்டியாளரிடம் ஒப்படைத்த சொத்து என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1980களின் இறுதியில் சரக்குப் படகு முற்றிலும் ஓய்ந்தது. 1996இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்று அங்கே உல்லாசப் படகுகளும், நடப்போரும், என்னைப் போன்ற சைக்கிள்காரர்களும்தான்.

இங்கே என் சொந்தக் கணக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். பணிக்காலத்தில், கைவிடப்பட்ட கால்வாய் ஒன்றின் கரையை நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் மாற்றும் யோசனையை மதிப்பிடும் குழுவில் நான் உறுப்பினராக இருந்தேன். 20 ஆண்டு வருவாயைக் கணக்கிட்டு, திட்டம் ஆதாயமற்றது என்று எழுதினேன். கரை துண்டு துண்டாகக் கைமாறியது. இப்போது அதை மீட்க விரும்பினாலும் இயலாது. என் கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆண்டுக்கு 10% தள்ளுபடி விகிதம் வைத்தால், 100 ஆண்டு கழித்து வரும் ஒரு லட்சம் ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ ஏழு ரூபாய். அந்தச் சூத்திரத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் எழுதிப்போட்டவன் நான். ரிக்கேயின் கால்வாயை அதில் இட்டால் அது ஒருநாளும் தேறாது.

இதனால் எல்லாக் கனவுக்கும் அரசு கடன் வாங்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. உப்பு வரி கட்டிய ஏழைக்கு அக்கால்வாயால் என்ன கிடைத்தது என்னும் கேள்விக்கு இன்றும் நல்ல விடையில்லை. பயன் வேறொருவருக்கு, வேறொரு காலத்தில் போய்ச் சேர்ந்தது. ஆனால், ஒன்று உறுதி. 1666 அரசாணை நீருக்கான நிலத்தோடு கரைகளையும் சேர்த்தே கையகப்படுத்தியது. உரிமை குடும்பத்திடமிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசுக்கு மாறியபோதும் அந்த நாடா அறுபடவில்லை. குதிரை போய், படகு போய், சரக்கு போய்விட்ட பின்னரும் மிஞ்சியது அந்தத் தொடர்ச்சிதான். அதனால்தான் ஒரு முதியவரால் ஐந்து நாள்கள் வாகன அச்சமின்றி அங்கே சைக்கிள் ஓட முடிந்தது.

ஒரு கரையை இன்று பயன்படுத்தத் தெரியாவிட்டால், அதைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பதும் ஒரு முதலீடே. விற்றுவிட்டால், அடுத்த தலைமுறைக்கு யோசிக்கவும் இடமிருக்காது. அந்த அறிக்கையில் இந்த ஒரு வரியை நான் சேர்த்திருக்க வேண்டும்.