நிலமளந்த லாம்ப்டன்

சென்னைப் புனித தோமையார் மலையடியில், 1802 ஏப்ரல் 10-ஆம் நாள், ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார் வில்லியம் லாம்ப்டன். கையில் நூறடி எஃகுச் சங்கிலி. வெயிலில் அது நீளுமே! ஆகவே மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானியும் வைத்தார். அடிக்கோட்டில் நேரும் பிழை, அதன்மேல் எழும் முக்கோணங்கள் அனைத்திலும் பரவும் அல்லவா?

1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏறக்குறைய அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி வளைந்தது. வேறொன்று கப்பலில் வரப் பல மாதங்களாகும். லாம்ப்டன் கூடாரத்துள் புகுந்தார். ஆறு வாரம் உழைத்து, வளைந்த வட்டத்தை இம்மியிம்மியாக நிமிர்த்தினார். அதே கருவியுடன் அளவை தொடர்ந்தது.

1823 ஜனவரியில், நாகபுரி செல்லும் வழியில் ஹிங்கன்காட்டில் மறைந்தார். எஞ்சிய பணியை அவருடைய உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் ஏற்றார்.