நிழல் தந்த வைகுண்டர்

கரமனைப் பாலத்தைக் கடக்கும் போதெல்லாம் அய்யா வைகுண்டரை நினைக்கிறேன். நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரம் வருவோர்க்குக் கரமனை ஆறே நகரின் வாயில். 1838ஆம் ஆண்டில் அவரைச் சிறைப்படுத்திக் கொண்டுவந்த சேவகரும் இந்த ஆற்றைக் கடந்தே வந்திருக்க வேண்டும்.

இந்த நினைவுக்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு என் அக்காள் தன் ஆறு வயது மகனோடு இங்குள்ள மருத்துவக் கல்லூரி வளாகத்தில் பன்னிரண்டு நாள் தங்கினாள். பிள்ளைக்கு மருந்தும் பாலும் ரொட்டியும் கிடைத்தன. ஆனால், அக்காளின் பசி? அத்தான் கொத்தனாரிடம் சிற்றாள். வேலைக்குப் போகாத நாளில் கூலியில்லை. கையிலிருந்தது பேருந்துக்கும் மருந்துக்கும் கரைந்தது. மூன்று நாட்களை அவள் தேநீரிலேயே ஓட்டினாள்.

நண்பகலில் அங்கே பொதிச்சோறு வழங்குகிறார்கள். 2017 முதல் வாலிபர் சங்கத்தினர் வீடு வீடாகத் திரட்டி வந்து, நோயாளிகளுக்கும் துணையிருப்போர்க்கும் கொடுக்கும் சோறு அது. வரிசையில் நிற்கட்டுமா என்று அக்காள் கேட்டாள். நான் தடுத்தேன். எந்த வீட்டுச் சோறோ, யார் கை பட்டதோ என்று எனக்குள் ஒரு குரல் பேசியது. பிறர் வீட்டில் தண்ணீரும் அருந்தாத என் பாட்டியின் குரல் அது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் எனக்குள்ளும் அது ஒளிந்திருந்ததை எண்ணி இன்றும் நாணுகிறேன். அந்தக் குரலை எதிர்த்தன்றோ வைகுண்டர் வாழ்ந்தார்!

அவர் 1809இல், இன்று சாமித்தோப்பு என வழங்கும் ஊரில் பிறந்தார். தந்தை பொன்னுமாடன், தாய் வெயிலாள். பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். பனையேறும் குலத்தில் பிறந்தவனுக்கு முடியும் பெருமாளும் எதற்கு என்று மேற்குலத்தார் சினந்தனர். பிள்ளை முத்துக்குட்டி ஆனான். ஆம், மகனுக்கு விரும்பிய பெயரைச் சூட்டவும் உரிமையில்லாத காலம் அது! தலைக்கு வரி, பனைக்கு வரி, கூலியில்லாத ஊழியம், பெண்கள் மார்பை மறைக்கத் தடை என்று அம்மக்கள் நொந்து கிடந்தனர். அந்நாளில் திருவிதாங்கூர் அரசு ஊட்டுப்புரைகள் பல நடத்தியது. அங்கே இலை விரிந்தது பிராமணர்க்கே. வரி கொடுத்த உழைப்பாளிக்கு அந்தப் பந்தியில் இடமில்லை.

இளமையில் முத்துக்குட்டி கடும் நோயுற்றார். நடக்க இயலாத மகனோடு, 1833இல் வெயிலாள் திருச்செந்தூருக்குப் புறப்பட்டாள். வழியில் கூடங்குளத்தில் உணவுக்காக அமர்ந்தபோது மகன் எழுந்து நடந்தார் என்றும், செந்தூர்க் கடலுள் மூழ்கி வைகுண்டராக மீண்டார் என்றும் அடியார் கூறுவர். அதனை நம்புவோர் நம்புக. என் மனம் தங்குவது அந்தத் தாயிடத்தில். நோயுற்ற பிள்ளையோடு கட்டுச்சோற்றை நம்பி வழி நடந்த வெயிலாளை நான் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நாள்தோறும் கண்டேன்.

ஊர் திரும்பிய வைகுண்டர் ஒரு கிணறு வெட்டுவித்தார். முத்திரிக் கிணறு என்னும் அதில் எக்குலத்தாரும் நீர் மொண்டனர். பல சாதியாரை ஒரே பந்தியில் அமர்த்தி உண்ணச் செய்தார். தலைகுனிந்து நடந்தவர்களைத் தலைப்பாகை கட்டச் செய்தார். மக்கள் திரண்டனர், ஆதிக்கத்தார் அஞ்சினர். முறையீடு சுவாதித் திருநாள் மன்னரிடம் சென்றது. திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் ஏறத்தாழ 110 நாள் அவர் சிறையிருந்தார். 1839இல் விடுதலை பெற்றும் அவர் பணி ஓயவில்லை. எழுநூறு குடும்பத்தாரை வாகைப்பதிக் கடற்கரையில் தங்க வைத்துத் தூய்மையும் எளிய உணவும் கூட்டு வாழ்வும் பயில்வித்தார்.

ஊர்தோறும் எழுந்த அவருடைய வழிபாட்டிடங்களுக்கு நிழல் தாங்கல் என்று பெயர். எத்துணை அழகிய பெயர்! வெயிலில் வந்தவன் ஒதுங்க ஒரு நிழல். பசித்து வந்தவனுக்குச் சோறு. அன்ன தருமம் இன்றும் தாங்கல்களில் நடக்கிறது. 1851இல் அவர் மறைந்தபோது வயது நாற்பத்திரண்டே.

நான்காம் நாள் நானே வரிசையில் நின்றேன். வாழையிலையில் பொதிந்த சோறு. கொடுத்த வீடு எதுவென்று அதில் எழுதியிருக்கவில்லை. பாறசாலைத் தாய் ஒருத்தியும் ஆற்றிங்கல் தாய் ஒருத்தியும் அக்காளோடு தாழ்வாரத்தில் அமர்ந்து பொதியை அவிழ்த்தனர். ஒருத்தி துவையலை மற்றவளுக்கு நகர்த்தினாள். யாரும் யாரையும் குலம் கேட்கவில்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பிய அதே பந்தி, அவர் சிறையிருந்த நகரிலேயே, எவரும் கவனியாமல் நடந்துகொண்டிருந்தது!

மருமகன் நலமாக வீடு திரும்பிவிட்டான். ஆனால் அந்தத் தாழ்வாரம் ஒருநாளும் காலியாவதில்லை. நண்பர்களே, நம் விடுதியில் வாரம் ஒருநாள் பத்துப் பொதி கட்டுவது நமக்குப் பெரிதா? கட்டுவோம், கொண்டுபோய்க் கொடுப்போம். அதற்கு முன், அங்கே அமர்ந்து அவர்களோடு ஒரு பொதி உண்போம். என்னைப் போல் மூன்று நாள் தாமதிக்க வேண்டாம்.