ஆறு புள்ளிகளைத் தந்த லூயி பிரெயில்

சுவிட்சர்லாந்து தேசத்தில் ஸூரிக் நகரத்துக்கு அருகே 2016-ம் ஆண்டில் புதுமாதிரியான சர்வதேசப் போட்டி ஒன்று தொடங்கிற்று. சைபத்லான் என்று அதற்குப் பெயர். செயற்கைக் கை, செயற்கைக் கால், மின்சாரச் சக்கர நாற்காலி முதலியவற்றைச் செய்த நிபுணர்கள் அங்கே கூடினார்கள். ஆனால் நிபுணர் பெருமை பேசினால் போதாது. கையிழந்தவரே அந்தச் செயற்கைக் கையால் ரொட்டியை அறுத்து, துணியைக் கொடியில் போட்டுக் காட்டவேண்டும். 2024-ல் பார்வையற்றோருக்கும் ஒரு பந்தயம் சேர்க்கப்பட்டது. உபயோகிக்கிறவர் சொல்லவேண்டும், கருவி நல்லதா என்று. இது நியாயந்தானே என்பீர்கள். இந்த நியாயத்துக்காக ஒரு மனிதர் எவ்வளவு காலம் காத்திருந்தார் என்று கேளுங்கள்.

பாரீஸ் பட்டணத்துக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் கூப்வ்ரே என்னும் சிற்றூர். அங்கே குதிரைச் சேணம் தைத்து ஜீவித்த குடும்பத்தில் 1809 ஜனவரி 4-ந் தேதி கடைக்குட்டியாகப் பிறந்தான் லூயி. மூன்று வயதில் தகப்பனாரின் பட்டறையில், தோலைத் துளைக்கும் கருவியை எடுத்து விளையாடினான். அது நழுவிக் கண்ணில் பாய்ந்தது. புண் மற்றக் கண்ணுக்கும் பரவிற்று. ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போயின.

அக்காலத்தில் ஏழை வீட்டுப் பார்வையற்ற பிள்ளைக்குப் பிச்சைப் பாத்திரமே கதி. லூயியின் பெற்றோர் அதற்கு இசையவில்லை. பங்குச் சுவாமியார் ஜாக் பல்லுயி அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஊர் உபாத்தியாயரும் மற்றப் பிள்ளைகளோடு அவனை உட்காரவைத்தார். 1819-ல், பத்து வயதில், பாரீஸிலிருந்த பார்வையற்ற சிறுவர் பாடசாலையில் சேர்ந்தான்.

அங்கே புத்தகங்கள் இருந்தன. சாதாரண எழுத்துக்களையே காகிதத்தில் புடைக்கச் செய்திருந்தார்கள். கண்ணுக்கு அழகு, விரலுக்கோ ஒவ்வொரு எழுத்தும் தடுமாற்றம். அதில் வாசிக்கலாம், எழுத முடியாது. அச்சமயம் பார்பியே என்பவர், 12 புள்ளிகளால் ஓசைகளைக் குறிக்கும் முறையொன்றை அப்பாடசாலைக்குக் கொண்டுவந்தார். எண்ணம் நல்லதுதான், ஆனால் அத்தனை புள்ளிகள் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. சரியான எழுத்துக்கூட்டலுக்கும் அதில் இடமில்லை.

லூயி அதைக் குறைத்தான். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி, ஆக ஆறு. அவற்றை மாற்றி மாற்றிக் குத்தினால் 63 அடையாளங்கள். விரலை ஒருமுறை வைத்தாலே முழு எழுத்தும் தெரிந்துவிடும். இதைச் செய்தபோது அவனுக்கு வயது 15! 1829-ல் வெளியிட்ட நூலில், எழுத்துக்களோடு சங்கீதத்துக்கும், கோயிலில் பாடும் கீதத்துக்குங்கூட வழிகாட்டினார். பிறகு அதே பாடசாலையில் உபாத்தியாயராகி, பாரீஸின் சென் நிக்கோலா தே ஷான் கோயிலில் ஆர்கன் வாசித்தும் வந்தார்.

மாணவர்கள் சந்தோஷத்தோடு இம்முறையைக் கைக்கொண்டார்கள். பெரியவர்கள்? பார்வையுள்ளவர் வாசிக்க முடியாத எழுத்து பார்வையற்றவரைத் தனியே பிரித்துவிடும் என்றார்கள். 1840-ல் வந்த தலைவர் துஃபோ அதை ஒதுக்கிவைத்தார். யாருக்காகவோ எழுத்து, யாரோ தீர்ப்பு! பிள்ளைகள் விடவில்லை, இரகசியமாகக் குத்திக்கொண்டேயிருந்தார்கள். தலைவரின் துணைவர் குவாதே அவர்கள் பக்கம் நின்றார். கடைசியில் 1844-ல், புதுக் கட்டடத் திறப்புவிழாவில், சபையார் முன்னிலையில் மாணவர்கள் ஆறு புள்ளிகளால் எழுதியும் வாசித்தும் காட்டினார்கள்.

பிரெயிலோ அப்போதே க்ஷயரோகத்தால் மெலிந்திருந்தார். கடைசித் தேவதிரவிய அனுமானங்களைப் பெற்று, 1852 ஜனவரி 6-ந் தேதி, 43 வயது நிரம்பிய இரண்டாம் நாள் மரித்தார். தமது பெட்டி ஒன்றைத் திறவாமல் எரித்துவிடும்படி சொல்லியிருந்தார். திறந்து பார்த்தபோது, மாணவர்கள் அவரிடம் கடன் வாங்கிய சீட்டுகள் இருந்தனவாம்!

1854-ல் பிரான்சு அவர் எழுத்தை அங்கீகரித்தது. 1878-ல் பாரீஸில் கூடிய சர்வதேச மாநாடு, போட்டியிட்ட மற்ற முறைகளை விட்டு இதையே தேர்ந்தது. நம் தேசத்து மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-ல் வகுக்கப்பட்டது. அதில் நம் அகரத்துக்கு ஒரே புள்ளி. பிரெயில் தம் முதலெழுத்துக்கு வைத்த அதே புள்ளி.

1952-ல், அவர் மரித்து நூறாண்டானபோது, பிரான்சு அவர் எலும்புகளைத் தன் மகான்கள் உறங்கும் பாந்தியோனுக்குக் கொண்டுபோயிற்று. கைகளை மாத்திரம் கூப்வ்ரே ஊரார் கொடுக்கவில்லை. அவை ஒரு பேழைக்குள் அவ்வூர்க் கல்லறையிலேயே இருக்கின்றன.