நெஞ்சுக் காயமும் அஸ்ஸஹ்ராவியின் நிதானமும்

அந்தலூஸ் என்றதும் நமது நினைவுக்கு முதலில் வருபவை கொர்டோபா பெரிய பள்ளிவாசலும், அல்ஹம்ரா மாளிகையும், புகழ்பெற்ற நூலகங்களும்தான். காயப்பட்ட மனிதர்களின் அருகில் அமர்ந்து அவர்களது உயிருக்காகப் போராடிய ஒரு வைத்தியரும் அதே மண்ணில் வாழ்ந்தார். அவர் அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி.

கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் கொர்டோபாவுக்கு அருகில் 936ஆம் ஆண்டளவில் மதீனதுஸ் ஸஹ்ரா என்ற நகரைக் கட்டத் தொடங்கினார். அஸ்ஸஹ்ராவி பிறந்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். அந்நகரின் பெயரே அவரது பெயருடன் ஒட்டிக்கொண்டது. தனது நீண்டகால அனுபவத்தை அவர் 30 பகுதிகள் கொண்ட கிதாபுத் தஸ்ரீப் என்ற பெருநூலாக எழுதினார். அதன் இறுதிப் பகுதி முழுவதும் சத்திரசிகிச்சை பற்றியது. சுமார் 200 கருவிகளின் படங்கள் அதில் உள்ளன.

அக்காலப் போர்களில் நெஞ்சில் அம்பு பாய்ந்தவர்கள் ஏராளம். அம்பைக் கண்டவுடன் பிடித்து இழுப்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் முதலில் அடையாளங்களை வாசிக்க வேண்டும் என்று அஸ்ஸஹ்ராவி கற்பித்தார். காயத்திலிருந்து நுரை கலந்த இரத்தம் வந்தால் நுரையீரல் துளைக்கப்பட்டுள்ளது. இடது மார்பருகே பாய்ந்த அம்பு நாடித்துடிப்புடன் சேர்ந்து அசைந்து, குளிர்ந்த வியர்வையும் மயக்கமும் வந்தால் இதயம் காயப்பட்டுள்ளது. இலகுவில் வராத அம்பைப் பலவந்தமாக இழுக்காமல், சுற்றியுள்ள தசை தளரும்வரை சில நாட்கள் விட்டு மீண்டும் முயலுமாறும் அவர் எழுதினார்.

விலா எலும்பு உடைந்து உள்நோக்கிக் குத்தும்போது என்ன செய்வது? நோயாளிக்கு வாயுவை உண்டாக்கும் உணவுகளைக் கொடுத்து வயிற்றை உப்பச் செய்தால் எலும்பு வெளியே தள்ளப்படும் என்பது முன்னோர் சிலரின் முறை. அது வீக்கத்தை அதிகமாக்கலாம் என்று கருதிய அஸ்ஸஹ்ராவி அதை விரும்பவில்லை. எலும்பின் கூர் உள்ளே குத்தி உயிருக்கு ஆபத்தானால் மட்டும் தோலைக் கீறி, உள்சவ்வைக் காக்கும் கருவியொன்றை எலும்புக்குக் கீழே வைத்து, உடைந்த துண்டை அகற்ற வேண்டும் என்றார். நெஞ்சுக்குள் சீழ் கட்டியவருக்குப் பழுக்கக் காய்ச்சிய கம்பியை விலாக்களுக்கிடையே செலுத்தும் பழைய முறையையும் அவர் எச்சரித்தார். நோயாளி உடனே இறக்கலாம், அல்லது ஆறாத புண் ஏற்படலாம் என்பது அவரது அச்சம்.

இந்த நிதானம் கோழைத்தனமல்ல. ஒருமுறை ஓர் அடிமைப் பெண் கத்தியால் தன் கழுத்தையே அறுத்துக்கொண்டாள். அவர் சென்று பார்த்தபோது காயத்தின் வழியே மூச்சு வெளியேறிக்கொண்டிருந்தது. பெரிய இரத்தக்குழாய்கள் அறுபடவில்லை என்பதைக் கண்டறிந்து காயத்தைத் தைத்தார். அவள் குணமடைந்தாள். மூச்சுக்குழாயைத் திறப்பது உயிருக்கு ஆபத்தானதல்ல என்ற முடிவுக்கும் அவர் அதிலிருந்து வந்தார். எங்கே கை வைக்கலாம் என்பதை உடற்கூற்றறிவு அவருக்குச் சொன்னது. அந்த அறிவில்லாத வைத்தியர் ஒருவர், பெண்ணொருவரின் கழுத்துக் கட்டியை வெட்டப்போய் நாடிகளை அறுத்து அவளைச் சாகவிட்டதையும் அவர் வேதனையோடு பதிவு செய்துள்ளார். பேராசைக்காகவோ பெருமைக்காகவோ கத்தியைத் தொட வேண்டாம் என்று தன் மாணவர்களைப் பிள்ளைகளாகவே அழைத்து உபதேசித்தார்.

1009இல் தொடங்கிய உள்நாட்டுக் குழப்பத்தில் மதீனதுஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டது. 1013ஆம் ஆண்டளவில் அவரும் வபாத்தானார். நகரம் மண்ணுக்குள் போனாலும் நூல் வாழ்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்ட் அதன் சத்திரசிகிச்சைப் பகுதியை லத்தீனில் மொழிபெயர்த்தார். பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய வைத்தியர்கள் அவரை அபுல்காசிஸ் என்ற பெயரில் படித்தனர்.

இன்று நமது வீதிகளில் அம்புகள் பறப்பதில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் விபத்துகளில் நெஞ்சு நசுங்குபவர்களையும், கம்பி குத்தியவர்களையும் காண்கிறோம். அப்போது நாம் செய்யும் தவறும் பழைய தவறுதான். பதறிப்போய்க் குத்திய பொருளைப் பிடுங்குகிறோம். அப்பொருளே இரத்தப்போக்கை அடைத்துக்கொண்டிருக்கலாம். அதை அசையாமல் அப்படியே விட்டு, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைப்பதே சரியான வழி. விலா முறிந்தவரின் நெஞ்சை இறுக்கிக் கட்டுவதும் கூடாது. அந்நாளில் கட்டும் பழக்கம் இருந்தது. ஆனால் ஆழமாக மூச்சு விட முடியாதபோது நுரையீரலில் சளி தேங்கிக் காய்ச்சல் வரும் என்பதை இன்றைய மருத்துவம் அறியும். வலியைக் குறைத்து நன்றாக மூச்சு விடச் செய்வதே இன்றைய சிகிச்சை.

முன்னோர் சொன்னதையும் சோதித்துப் பார்த்து, தீங்கு தருவதைத் தள்ளியவர் அஸ்ஸஹ்ராவி. அவரது பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், காயப்பட்டவர் அருகே நிற்கும்போது அவரது நிதானத்தையும் கைக்கொள்ள வேண்டும். ஓர் உயிரை வாழ வைப்பது முழு மனித குலத்தையும் வாழ வைப்பதற்கு நிகர் என்று நம்பும் சமூகம் நாம். அல்லாஹ் அன்னாரின் பணிகளைப் பொருந்திக்கொள்வானாக.